பாட்டில் பால் குட்டி, நிற்காத பேதி: ஒரு வருடத்துக்கு மேலான அனுபவம்

தாயில்லாத பூனைக்குட்டியைப் பாட்டில் பாலில் வளர்க்கப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு. பால் பவுடர்கூட அதற்கு அப்புறம்தான் என்பேன். சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்ப வாரங்களில் பேதி, உப்புசம், மறுபடி பேதி என்று அவள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. வாங்கிய பொருட்களில் எது உதவியது, எது வீண்செலவு என்று இப்போதாவது எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

பெரம்பூரில் எங்கள் அபார்ட்மெண்ட் மோட்டார் ரூமில் கிடந்தாள். கண் அப்போதுதான் திறந்திருந்தது, அதாவது பிறந்து ஒன்றிரண்டு வாரம். கீழ்வீட்டு அக்கா பாவம் பார்த்து, பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து சங்கில் ஊட்டியிருந்தார். நல்ல மனசுதான், ஆனால் இரண்டுமே குட்டிக்கு ஆபத்து. பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, தாய்ப்பூனையின் பாலில் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. தண்ணீர் கலந்தால் இருக்கும் சத்தும் குறைகிறது, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காமல் பேதியும் பிடிக்கிறது. சங்கில் ஊற்றும்போது பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பாட்டிலில் கொடுத்தாலும் மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது, குட்டி குப்புற இருந்து தலையை லேசாகத் தூக்கிக் குடிக்க வேண்டும்.

முதலில் பக்கத்துக் கடையில் கிடைத்த ஒரு பால் பவுடரை வாங்கினோம். என்ன கலக்கினாலும் கட்டி கட்டியாக நின்று நிப்பிளை அடைத்தது. அப்புறம் ராயல் கேனின் பேபிகேட் மில்க் என்ற பூனைக்குட்டிப் பால் பவுடருக்கு மாறினோம். விலை அதிகம், ஆனால் நன்றாகக் கரைகிறது, கடைசிவரை அதுதான். நிப்பிள் ஓட்டையைப் பொறுத்தவரை, பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், கோடாக ஒழுகினால் அந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள். சோர்ந்து கிடந்த நாட்களில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சின்ன சிரிஞ்சுதான் (ஊசியைக் கழற்றிவிட்டு) எங்களுக்குக் கைகொடுத்தது.

பவுடர் மாற்றியும் பேதி நிற்கவில்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் மூன்றாவது பவுடரைத் தேடிப் போகிறார்கள், நான் அளவைப் பாருங்கள் என்பேன். பாட்டில் குட்டிகளுக்குப் பேதி வர அதிகப் பாலே ஒரு முக்கியக் காரணம். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 4 மில்லி, அவ்வளவுதான் அந்த வயிறு தாங்கும். குடித்து முடித்தும் கத்துவாள், அம்மா பக்கத்திலிருந்து "பசிக்குது பாரு, இன்னும் ரெண்டு மில்லி கொடேன்" என்பார், கை தானாக பாட்டிலுக்குப் போகும். அப்போது நம்மைப் பிடித்து நிறுத்துவது தராசுதான். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுதினோம். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறினால் போகிற வழி சரி. ஒரு நாள் முழுக்க ஏறவில்லை அல்லது இறங்குகிறது என்றால், விளையாடினாலும் சரி, அன்றே டாக்டர். அவ்வளவு சின்ன உடம்பில் நீர்ச்சத்து வற்ற சில மணி நேரம் போதும்.

சூடும் செரிமானமும் ஒன்றோடொன்று கட்டியவை. உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே தங்கி நாறிப்போகும், அதனால் முதலில் சூடேற்றிவிட்டு அப்புறம்தான் பால். சென்னையில் என்ன குளிர் என்று கேட்பவர்களுக்கு: ஐப்பசி மழை ராத்திரியும் ஏசி ரூமும் போதும். துணி சுற்றிய ஹாட் வாட்டர் பேக் நல்ல முதலீடு, கரண்ட் போனாலும் கவலையில்லை. வெயில் காலத்தில் பிரச்சினை வேறு, கலந்த பால் சீக்கிரம் கெடும். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

தினமும் மலத்தைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மஞ்சளாக, பற்பசை மாதிரி இருந்தால் நல்லது. சாம்பல் நிறமாகவோ வெள்ளையாகவோ திரிந்து வந்தால் பால் செரிக்கவில்லை. ரத்தம் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம். மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மலமோ சிறுநீரோ போகத் தெரியாது, ஒவ்வொரு பாலுக்கும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அது போகிற இடத்தை மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமலும் வயிறு உப்பும்.

நாலு வாரம் ஆனபோது நாற்றமடிக்கும் பேதி திரும்ப வந்தது. முதலில் போன கிளினிக்கில் மலத்தைப் பார்க்காமலே ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள், இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. அப்புறம் வேப்பேரியில் 1903 முதல் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஒரு டப்பாவில் மலத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். மைக்ராஸ்கோப்பில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி தெரிந்தது. எடைக்குக் கணக்குப் போட்டு அதற்கான டால்ட்ராஸுரில் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், கூடவே குடற்புழு மருந்தும். பேதி சில நாட்களில் அடங்கியது. காக்சிடியா முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகாது, படுக்கைத் துணியையும் மணல் தட்டையும் கொதிக்கும் தண்ணீரில் கழுவினோம். பினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

கிரைப் வாட்டர், வசம்பு, நமக்கான பேதி மாத்திரை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எதையும் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள். பூனையின் கல்லீரல் நம்முடையதைப்போல மருந்தை உடைக்காது, பாராசிட்டமால் அதன் உயிரையே எடுத்துவிடும்.

இப்போது சிட்டு நல்ல கனம், வயிறும் திடம். ஆனால் உணவை ஒரேயடியாக மாற்றினால் இன்னும் பேதி வருகிறது, அதனால் புதியதைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம் இழுக்கிறோம். வேகவைத்த சிக்கன் மட்டும் போட்டு வளர்க்க முடியாது, டாரின் என்ற சத்து போதாமல் கண்ணும் இதயமும் கெடும். வாராவாரம் தராசில் ஏற்றுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது பெரிய தராசாக வாங்கியாகிவிட்டது.