5.9 கம்மின்ஸுக்குக் காம்பவுண்ட் டர்போ: எந்த ஜோடி எந்த வேலைக்கு?

2004 நடுவிலிருந்து 2007 வரை வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப்களை அமெரிக்காவில் இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் 5.9 லிட்டர் கம்மின்ஸ்தான் காரணம். வரிசையாக ஆறு சிலிண்டர், காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல்), டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டித் தொல்லை கிடையாது. நம்ம ஊர் டாடா லாரிகளில் ஓடிய 6பிடி இதே குடும்பத்தின் மூத்த உறுப்பினர்.

கம்பெனி கொடுத்தது 325 குதிரைத்திறன். நல்ல டியூனும் (இன்ஜின் கம்ப்யூட்டரில் அமைப்பு மாற்றம்), டீசலைப் பீய்ச்சும் கொஞ்சம் பெரிய இன்ஜெக்டரும் போட்டால் டீசல் தாராளமாக இறங்கும், காற்றுதான் பற்றாது. விளைவு கறுப்புப் புகை, ஏறிக்கொண்டே போகும் பைரோமீட்டர் (புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர்) முள். ஏற்றத்தில் முள் 1,300 ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 700 செல்சியஸைத் தாண்டி அங்கேயே நின்றால் அலுமினிய பிஸ்டன்கள் தாங்காது. அந்த இடத்தில்தான் டர்போ பேச்சு ஆரம்பமாகிறது. புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற, அதோடு இணைந்த கம்ப்ரஸர் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ.

காம்பவுண்டில் ஒரு டர்போ அழுத்திய காற்றை இன்னொன்று மறுபடி அழுத்துகிறது. வடிகட்டியிலிருந்து வரும் காற்று முதலில் பெரிய டர்போவுக்குப் போகிறது, பிறகு சின்னதற்கு, அப்புறம் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு. புகை வருவது எதிர்த்திசையில்: முதலில் சின்னது, பிறகு பெரியது. அழுத்த விகிதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. பெரியது 2.2 மடங்கு, சின்னது 2.5 மடங்கு என்றால் மொத்தம் 5.5 மடங்கு. கடல்மட்டத்தில் அது ஏறக்குறைய 65 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம். இரண்டு டர்போவுமே திணறாமல் சுற்றும் எல்லைக்குள் இருந்துகொண்டு இதைத் தருகின்றன. குழாய்களில் கொஞ்சம் இழப்பு உண்டு, அதை விட்டுவிடலாம்.

இது வெறும் பந்தயக்காரர் வித்தையும் இல்லை. ஃபோர்டு தன் 6.4 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் 2008 முதல் 2010 வரை இப்படித்தான் இரண்டு டர்போவைத் தொடராக வைத்து விற்றது.

முதலில் போட்டிக்கு வருவது காம்பவுண்டே வேண்டாம் என்கிற கட்சி. ஸ்டாக், அதாவது கம்பெனியே பொருத்திய எச்ஈ351 டர்போவைக் கழற்றிவிட்டு போர்க்வார்னர் எஸ்363 டர்போ ஒன்றைப் பொருத்தினால் போதும் என்பார்கள். குழாய் குறைவு, எடை குறைவு, கசிய இடமும் குறைவு. வண்டி பெரும்பாலும் காலியாக ஓடுகிறது என்றால் அவர்கள் சொல்வது நியாயம்தான். 500 குதிரைத்திறனை எட்டவும் முடியும். இன்னொரு வழி, 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினின் விஜிடி (புகை வழியின் அகலம் மாறும்) டர்போவைத் தனிக் கன்ட்ரோலரோடு கொண்டுவந்து போடுவது. புகையைத் தடுத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இலவசமாகக் கிடைக்கும், கீழ் ஆர்பிஎம்மில் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் உள்ளே அசையும் சிறகுகளில் கரி படிந்து சிக்கிக்கொண்டால் தலைவலிதான்.

பின்னால் டிரெய்லர் கட்டி மலை ஏறும்போது கணக்கு மாறுகிறது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை டில்லனிலிருந்து ஐசனோவர் சுரங்கம் வரை சுமார் 13 கி.மீ. ஏறுகிறது, சரிவு 7 சதவீதம் வரை. சுரங்கம் இருப்பது ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கடல்மட்டத்தில் 30 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் டர்போ செய்வது சுமார் 3 மடங்கு அழுத்தம். சிலிண்டருக்கு அதே அளவு காற்று அங்கே மேலே வேண்டுமென்றால் 4.6 மடங்கு அழுத்த வேண்டும். ஒற்றை டர்போ அதற்காகத் தன் வேக வரம்பைத் தாண்டிச் சுற்றும், அல்லது காற்று குறைந்து முள் ஏறும். காம்பவுண்டில் பெரியது 1.9, சின்னது 2.4 என்று பகிர்ந்துகொண்டால் கணக்கு முடிந்தது. மூட்டையை இரண்டு பேர் கைமாற்றி ஏற்றுவது மாதிரி. இழுவைக்கு வண்டி வைத்திருப்பவர்கள் காம்பவுண்டை விரும்புவதற்கு, பூஸ்ட் மீட்டரில் தெரியும் பெரிய எண்ணைவிட இதுதான் உண்மையான காரணம்.

சரி, எந்த ஜோடி? ஸ்டாக் எச்ஈ351-ஐ அப்படியே சின்ன டர்போவாக வைத்துக்கொண்டு மேலே பெரியதாகப் போர்க்வார்னர் எஸ்467 ஒன்றைச் சேர்ப்பதற்கே என் ஓட்டு. அதன் கம்ப்ரஸர் வாய் 67.7 மி.மீ., டர்பைன் சக்கரம் 83 மி.மீ. சிக்னலிலிருந்து கிளம்பும்போது வண்டி பழையபடியே இருக்கும், லோடு ஏறியதும் பெரியது வந்து தோள் கொடுக்கும். 500 முதல் 600 குதிரைத்திறன் வரை நிம்மதி.

பலர் விழுவது அதைவிடப் பெரிய எஸ்475-இல். விலை வித்தியாசம் அதிகமில்லை, வாங்குவதுதான் வாங்குகிறோம், கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டுமே என்கிற ஆசை. உச்சத்தில் எண் கூடும் என்பது உண்மை. ஆனால் ஸ்டாக் டர்போவின் 9 சதுர செ.மீ. டர்பைன் வீடு (சக்கரத்தைச் சுற்றிய கூடு) அப்படியேதான் இருக்கிறது. புகை முழுவதும் அந்தக் குறுகிய வழியாகத்தான் போயாக வேண்டும். பூஸ்ட் 50 இருக்கும்போது டிரைவ் பிரஷர் (டர்பைனுக்கு முன் புகையின் அழுத்தம்) 75 என்றால் இன்ஜின் தன் சக்தியைத் தன் புகையைத் தள்ளவே செலவழிக்கிறது. அதோடு பெரியது விழிக்கத் தாமதமாகும். 1,500க்கும் 2,000 ஆர்பிஎம்முக்கும் நடுவே, டிரெய்லர் இழுப்பவருக்கு மிகவும் தேவையான இடத்தில், புகை கக்கும். எஸ்475 வேண்டுமென்றால் சின்னதையும் மாற்ற வேண்டும்: 62 மி.மீ. எஸ்300 ஒன்றும், அதற்கு வெளியே தனி வேஸ்ட்கேட்டும் (மிஞ்சும் புகையை டர்பைனுக்குள் விடாமல் திருப்பிவிடும் வால்வு). காம்பவுண்டில் வேஸ்ட்கேட் திறந்தால் எதுவும் வீணாவதில்லை. சின்னதைத் தாண்டும் புகை பெரியதைப் போய்ச் சுழற்றுகிறது. அதனால் அந்த வால்வின் அளவில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

எஸ்300 மேல் எஸ்480 என்பது இழுவைப் போட்டிக்கும் டிராக்கிற்கும் போகிறவர்கள் கதை. இரட்டை சிபி3 டீசல் பம்ப், பெரிய இன்ஜெக்டர், வால்வு ஸ்பிரிங், ஃபயர் ரிங் (கசிவைத் தடுக்கும் உலோக வளையம்) போட்ட சிலிண்டர் ஹெட் என்று பட்டியல் நீளும். மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற வண்டிக்கு இது எதற்கு?

கிட் வாங்கும்போது டர்போ மாடலையே பார்க்கிறவர்கள் பெரியதன் எண்ணெய் வடியும் குழாயையும் குனிந்து பார்க்க வேண்டும். டர்போவுக்கு எண்ணெய் அழுத்தத்தில் போகிறது, திரும்புவது வெறும் ஈர்ப்பு விசையில். குழாய் நடுவில் தொய்ந்து ஒரு வயிறு விழுந்தாலும் எண்ணெய் தேங்கி, சீல் வழியாகக் கம்ப்ரஸருக்குள் கசியும். அடுத்தது இரண்டு டர்போவையும் இணைக்கும் சூடான குழாய். சூட்டில் நீளும் அதற்குப் பெல்லோஸ் (நீண்டு சுருங்கும் மடிப்புத் துண்டு) இல்லையென்றால் வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விடும். குளிர்ந்த பக்கம் ரப்பர் இணைப்புக் குழாய்களுக்கு டி-போல்ட் கிளாம்ப்தான். சாதாரணக் கிளாம்ப் 60 பிஎஸ்ஐயில் பட்டென்று பிடுங்கிக்கொள்ளும். பொருத்தியதும் காற்றை அடைத்துச் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

இந்த பூஸ்டில் ஸ்டாக் ஹெட் போல்ட்டுகளை நம்ப வேண்டாம், ஸ்டட் போட்டுவிடுங்கள். கலிஃபோர்னியாவில் இருந்தால் கிட்டுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 48ஆர்ஈ கியர்பாக்ஸின் ஸ்டாக் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் முறுக்கைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இந்த முறுக்கில் வழுக்க ஆரம்பிக்கும். கையில் ஒரே வேலைக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் கியர்பாக்ஸை முதலில் செய்யுங்கள், டர்போ அடுத்த வருடம் வரட்டும்.