வேலைத் திறன் குறும்பாடச் செயலி: எங்கள் குழுவில் பயன்படுத்திப் பார்த்ததில்

எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கென்று நிர்வாகம் ஒரு செயலியை வாங்கிக் கொடுத்தது. ‘எதிர்கால வேலைத் திறன்கள்’ என்று தலைப்பு. ஒவ்வொரு பாடமும் ஐந்து நிமிடம், எல்லாம் கைப்பேசியிலேயே. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் குழு எங்களுடையது. அதற்கு நான் பொறுப்பு. அவர்களுக்குக் கொடுத்ததை நானும் முழுதாகப் பார்த்துவிடலாம் என்று எல்லாப் பிரிவுகளையும் முடித்தேன். செயலியின் பெயர் இங்கே வேண்டாம். இதே அச்சில் வார்த்தவை இன்னும் நிறைய இருக்கின்றன. எதை வாங்கப் போகிறவருக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

திறந்தவுடன் ஒரு பெரிய எண் கண்ணில் அடிக்கிறது: ஐந்து ஆண்டுகளில் தொழிலாளர்களின் திறன்களில் 44 சதவீதம் மாறிவிடுமாம். உலகப் பொருளாதார மன்றத்தின் 2023 அறிக்கையில் வந்த எண் அது. 2025 அறிக்கையில் அதுவே 39 சதவீதமாகிவிட்டது. இரண்டுமே வேலை கொடுப்பவர்களிடம் கேட்டு வாங்கிய கணிப்புகள், அளந்து பார்த்தவை அல்ல. பயமுறுத்துவதற்கு எடுத்த எண்ணையாவது புதுப்பித்திருக்கலாம்.

சரி, பாடங்களுக்கு வருகிறேன். தரவைப் படிப்பது பற்றிய பிரிவு அருமை. முதல் பாடமே விளக்கம் எதுவும் இல்லாமல் ஒரு பட்டை வரைபடத்தைக் காட்டுகிறது. இரண்டு மாதப் புகார் எண்ணிக்கை. இரண்டாவது பட்டை முதல் பட்டையைவிட மூன்று மடங்கு உயரம். ‘மேலாளரிடம் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, நாமே தட்டச்சு செய்யும்வரை காத்திருக்கிறது. அதன் பிறகுதான் வரைபடத்தின் செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுகிறது. உண்மையான உயர்வு மிகச் சிறியது. நம் பதிலுக்குக் கீழேயே வேறு சில பதில்களையும், ஒவ்வொன்றும் எங்கே சறுக்குகிறது என்பதையும் தருகிறது. ‘தவறு, மீண்டும் முயலவும்’ என்ற வெற்று வரி எங்குமே இல்லை. இரண்டு நாள் கழித்து அதே விஷயம் வேறு வேடத்தில், விற்பனைக் கோட்டுப்படமாக வருகிறது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

இது தற்செயலாக அமைந்த வடிவமைப்பு அல்ல. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40. மனதிலிருந்து எடுக்கச் சொல்வதும், நாள் விட்டுக் கேட்பதும்தான் வேலை செய்கின்றன. பாடம் குட்டியாக இருப்பது அதற்கு வசதி செய்து தருகிறது, அவ்வளவுதான். (இந்த வகை விளம்பரங்களில், படித்தது நாளாக நாளாக எப்படி மறந்துபோகிறது என்று காட்டும் உளவியலாளர் எபிங்கௌஸின் மறதி வளைகோடு தவறாமல் வரும். அவர் 1885இல் வெளியிட்டது, பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் ஒருவரையே சோதித்து எடுத்த கணக்கு. வேலைத் திறனுக்கு அதை அப்படியே ஒட்டுவது கொஞ்சம் அதிகம்.)

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோடு வேலை செய்யும் பிரிவும் நன்றாகவே இருக்கிறது. ஒரு நீண்ட கடிதத்தையும், அதற்குக் கருவி எழுதிய சுருக்கத்தையும் கொடுத்து, சுருக்கத்தில் பிசகிய ஒரு வரியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். கடிதத்தில் ‘திருப்பித் தர இயலாது’ என்பது சுருக்கத்தில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று மாறியிருக்கும். எங்கள் பிள்ளைகள் இதற்குத்தான் தங்களுக்குள் போட்டி போட்டார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டும் பாடங்கள் மட்டும் வீண். திரை மாறிவிட்டதால் பாதிப் பொத்தான்கள் அங்கே இல்லை.

சுயமேலாண்மைப் பிரிவில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வீடியோக்கள். யாரோ ஒருவரின் நீண்ட உரையைத் துண்டு போட்டிருக்கிறார்கள். நடுவாக்கியத்தில் தொடங்கும் துண்டுகூட உண்டு. ஆறு நிமிடத்துக்குள் இருக்கும் வீடியோக்களையே மாணவர்கள் அதிகம் ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள் என்று 2014இல் எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளத்தின் பயன்பாட்டுப் பதிவுகளை ஆராய்ந்து சொன்னார்கள். அங்கே முக்கியமாக அளந்தது பார்த்த நேரத்தை. எவ்வளவு கற்றார்கள் என்பது வேறு கேள்வி.

என் பெரிய குறை ‘குழுவாக உழைத்தல்’, ‘தெளிவாக எழுதுதல்’ என்ற இரண்டு பிரிவுகளின் மேல். இரண்டு சக ஊழியர்கள் சண்டை போடுகிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மூன்று தெரிவுகள். ஒன்று கத்துவது, ஒன்று கண்டுகொள்ளாமல் போவது, மூன்றாவது நான்கு வரிக்கு நீளும் பண்பான பதில். நீளமானதைத் தொட்டால் போதும், சரியான விடை. கேள்வியைப் படிக்காமலே ஒரு பாடம் முழுக்க அப்படித் தொட்டுப் பார்த்தேன். முழு மதிப்பெண், கூடவே ஒரு பதக்கம்.

எங்கள் குழுவில் ஒரு பெண் எழுத்துப் பிரிவை நூற்றுக்கு நூறு வாங்கி முடித்தாள். முக்கியச் செய்தியை முதலில் சொல், ஒரு பத்திக்கு ஒரு கருத்து என்றெல்லாம் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். மறுநாள் கோபத்தில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு அவள் எழுதிய பதிலில் மூன்று பத்தி வருத்தம். பணம் என்றைக்குத் திரும்ப வரும் என்பது கடைசி வரியில். அவளைக் குறை சொல்ல மாட்டேன். செயலி அவளை ஒரு தடவைகூட முழுக் கடிதம் எழுத வைக்கவில்லை. தலைப்பைத் தேர்ந்தெடு, வாக்கியத்தை வரிசைப்படுத்து, பொருத்தமான சொல்லைத் தொடு என்று துண்டு துண்டாகவே போனது. துண்டுகளைச் சேர்க்கிற வேலையை யாரும் வடிவமைக்கவில்லை. தரவுப் பிரிவில் அது பாதிக்காததற்குக் காரணம், ஒரு வரைபடத்தைப் படிப்பது உண்மையிலேயே ஐந்து நிமிட வேலை. ஒரு கோபக்காரருக்குப் பதில் எழுதுவது அப்படியல்ல.

இப்போது நான் இப்படிச் செய்கிறேன்: எழுத்துப் பிரிவில் ஒரு பாடம் முடித்தவர் அன்றே ஓர் உண்மையான பதிலை எழுத வேண்டும், அனுப்புவதற்கு முன் பக்கத்து இருக்கைக்காரர் படித்து ஒரு கருத்து சொல்ல வேண்டும். செயலியிலேயே இதற்கு ஓர் இடம் வைத்திருக்கலாம். தொழில்நுட்பம் தடையில்லை, பதில்களைத் தட்டச்சு செய்யும் வசதி தரவுப் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறதே.

எத்தனை நாள் விடாமல் செயலியைத் திறந்தோம் என்று தொடர்நாள் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் விட்டால் பூஜ்ஜியம். அதைக் காப்பாற்ற, தெரிந்த பாடத்தையே இரவு பதினொன்றரைக்கு மறுபடி தட்டிவிட்டுத் தூங்கப் போவதாக எங்கள் பிள்ளைகளே சிரித்துக்கொண்டே சொன்னார்கள். செயலியைத் திறந்ததற்குப் பரிசு, கற்றதற்கு இல்லை. என் குழுவில் யாருடைய தொடர்நாளையும் நான் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

சின்ன விஷயங்களில் நல்லவையும் உண்டு. பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே படிக்கலாம். ஒரே கையால் இயக்க முடிகிறது. வீடியோக்களுக்கு வசன வரிகள் இருக்கின்றன, வேண்டாதவர் அணைத்துவிடலாம்.

வாங்குவதென்றால் தரவுப் பிரிவையும் செயற்கை நுண்ணறிவுப் பிரிவையும் மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். எங்களுக்குக் கேட்டதும் கொடுத்தார்கள். வாங்கியதும் முதல் வேலையாக அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். அப்புறம், பழைய கேள்விகள் திரும்பி வரும் பட்டியல் முகப்பில் இல்லை. சுயவிவரப் பக்கத்தில் ‘மீள்பார்வை’ என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. புதுப் பாடத்தைத் தொடுவதற்கு முன் அதைத் திறங்கள்.