வயிற்றுப்போக்கின்போது குழந்தைக்கு என்ன கொடுப்பது: நீர்த்த கஞ்சியா, கெட்டி உணவா?

கைக்குழந்தைக்கு நாலைந்து முறை தண்ணீராகப் போய்விட்டால், வீட்டில் மருந்துக்கு முன்பாக உணவைப் பற்றிய பேச்சுதான் எழும். பாலை நிறுத்து என்பார் ஒருவர், ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சு என்பார் இன்னொருவர், இளநீர் போதும் என்பார் மூன்றாமவர். இந்த யோசனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன் ஒரு பிரிவினையைச் செய்துகொள்ள வேண்டும். உடலிலிருந்து வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது ஒரு வேலை. எடை குறையாமல் காப்பதும், புண்பட்ட குடல் தன்னைச் சீர்செய்துகொள்ளச் சத்துக் கொடுப்பதும் வேறொரு வேலை. இரண்டையும் ஒரே குவளையில் முடித்துவிட முயல்வதால்தான் பெரும்பாலான வீடுகளில் குழந்தைக்கு நீரும் சரியாகக் கிடைப்பதில்லை, உணவும் சரியாகக் கிடைப்பதில்லை.

முதல் போட்டி, பட்டினிக்கும் உணவுக்கும் இடையிலானது. 'லங்கணம் பரம ஔஷதம்' என்ற நம்பிக்கையில் வயிற்றைக் காயப்போடும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் மட்டும் இருக்கவில்லை. வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு ஒன்றிரண்டு நாள் உணவை நிறுத்திவைப்பதை மருத்துவமனைகளே நெடுங்காலம் கடைப்பிடித்தன. சுங், விஸ்கொரோவா என்ற இருவர் 1948-இலேயே தொடக்கத்திலிருந்து உணவு பெற்ற குழந்தைகளையும் பட்டினி போடப்பட்ட குழந்தைகளையும் ஒப்பிட்டு, உணவு கொடுப்பதால் நோய் மோசமாவதில்லை என்று காட்டினார்கள். 1980-களில் பெரு நாட்டில் நடந்த ஆய்வுகளும் தொடர்ந்து உணவு பெற்ற குழந்தைகளே சத்து நிலையில் மேலாக இருந்ததைக் கண்டன. இதற்கான காரணமும் தெளிவானது. குடலின் உட்சுவரிலுள்ள செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்பவை. அந்த வளர்ச்சிக்குத் தேவையான சத்தில் ஒரு பகுதியை அவை குடலுக்குள் வரும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. உணவை நிறுத்தினால் மலத்தின் அளவு சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றலாம். ஆனால் உள்ளே ஆற வேண்டிய புண் ஆறத் தாமதமாகிறது. நீரிழப்பு உள்ள குழந்தைக்குக்கூட அதைச் சரிசெய்யும் முதல் நான்கு மணி நேரத்துக்குமேல் உணவை நிறுத்திவைக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த நான்கு மணி நேரத்திலும் தாய்ப்பாலை நிறுத்துவதில்லை.

நீரை ஈடுகட்டும் பானங்களில், உப்பும் குளுக்கோஸும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு நிகரானது வேறெதுவும் இல்லை. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாம் ஒன்றில் காலரா பரவி, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் ஆயிரக்கணக்கானோருக்குக் குடிக்கக் கொடுத்துச் சிகிச்சை அளித்தார். முகாமில் நோயாளிகளிடையே சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குடற்சுவர் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது சோடியத்தையும் கூடவே இழுக்கிறது, அவற்றைத் தொடர்ந்து நீர் செல்கிறது என்பதுதான் இதன் அடிப்படை. இரண்டும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் இது நடக்கும். 2002 முதல் பரிந்துரைக்கப்படும் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சமையல் உப்பும் அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கின்றன.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற பானங்களைப் பார்க்கலாம். வெறும் குளுக்கோஸ் தண்ணீரில் உப்பு இல்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் மிகவும் குறைவு. வயிற்றுப்போக்கில் அதிகம் இழப்பது சோடியத்தை என்பதால், சற்றுப் பெரிய குழந்தைக்கு இடையிடையே கொடுக்கலாமே தவிர அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. குளிர்பானம், பெட்டியில் வரும் பழச்சாறு, இனிப்புத் தேநீர் ஆகியவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகரிக்கும். இவற்றை அறவே தவிர்க்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைக்கு வரும்வரை, ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நல்ல துணை. சர்க்கரையும் உப்பும் வீட்டிலேயே கலப்பதென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இதில் கைக்கணக்கு கூடாது, உப்பு கூடினால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

கடையில் வாங்கும்போது கவனம் தேவை. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி, சர்க்கரை மிகுந்த பானங்கள் பல ஆண்டுகளாக மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டு வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு மருத்துவரின் பல்லாண்டுப் போராட்டம் இதற்குப் பின்னால் இருந்தது. பெட்டியின் முகப்பைப் பார்த்து வாங்காமல், பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகளைப் படித்து வாங்குவதே இப்போதும் பாதுகாப்பு. பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்றிருந்தால் முழுப் பொட்டலத்தையும் அளந்த ஒரு லிட்டர் நீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொடியைக் கண்ணளவாகக் கொட்டிக் கலக்குவது விகிதத்தைக் கெடுத்துவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி வரை, கரண்டியாலோ குவளையாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மேலும் மெதுவாகத் தொடர வேண்டும்.

பால் விஷயத்தில் தாய்ப்பாலுக்குப் போட்டியே கிடையாது. நிறுத்தக் கூடாது என்பதோடு, அடிக்கடி, அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலும், போகும் ஒவ்வொரு முறைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் போதும், கஞ்சியோ இளநீரோ வேண்டாம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதே பாலை வழக்கமான அளவில் கலந்து கொடுக்க வேண்டும். 'பால் கனமாக இருக்கும், தண்ணீர் ஊற்றிக் கொடு' என்ற அறிவுரை பரிவோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அதனால் குறைவது குழந்தைக்குப் போகும் சத்து மட்டுமே. மாட்டுப்பால் குடித்துப் பழகிய குழந்தைகளில் பெரும்பாலோர் சில நாள் வயிற்றுப்போக்கின்போதும் அதைத் தாங்கிக்கொள்வார்கள். குடற்சுவர் புண்பட்டதால் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் போகும் குழந்தைகளுக்குத் தயிர் கைகொடுக்கும். புளிக்கும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுவதோடு, எஞ்சியதைச் செரிக்கத் தயிரிலுள்ள நுண்ணுயிரிகளும் உதவுகின்றன.

இனி, திட உணவு. இன்று நம் வீடுகளில் முழுப் பட்டினி குறைந்துவிட்டது. அதன் இடத்தில் நீர்த்த கஞ்சி வந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் விளைவும் பட்டினிக்கு அருகில்தான் இருக்கிறது. ஜவ்வரிசி, ஆரோரூட், பார்லித் தண்ணீர் ஆகிய மூன்றும் 'வயிற்றுக்கு இதம்' என்ற நற்பெயர் பெற்றவை. ஜவ்வரிசியும் ஆரோரூட்டும் ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து, புரதம் இல்லையென்றே சொல்லலாம். பார்லியில் புரதம் உண்டென்றாலும் வடிகட்டிய தண்ணீரில் அது கொஞ்சம்தான் வரும். 50 கிராம் அரிசியை ஒரு லிட்டர் நீரில் கரையக் காய்ச்சினால் மொத்தக் கஞ்சியிலும் சுமார் 175 கலோரி இருக்கும். 150 மில்லிக் குவளை ஒன்றில் 26 கலோரி. ஒரு வயது கடந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 900 கலோரி வேண்டும். நாள் முழுக்க ஐந்து குவளை குடித்தாலும் 130 கலோரிதான் உள்ளே போகிறது, வயிறு மட்டும் நிறைந்துவிடுகிறது. 'நன்றாகத்தான் குடித்தான், ஆனாலும் இளைத்துவிட்டான்' என்று தாய்மார்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

அதே அரிசியைக் கெட்டியாக்கினால் நிலைமை மாறுகிறது. மூன்று பங்கு புழுங்கலரிசி நொய்க்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, மசித்து, உப்புப் போட்டு, பரிமாறும்போது ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுக் கலக்கலாம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடாமல், மெல்ல வழுகி விழும் பதம் வேண்டும். அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 40 கலோரி இருக்கிறது, அதாவது மேலே சொன்ன நீர்க்கஞ்சியின் ஒரு குவளையைவிட அதிகம். வயிற்றுப்போக்கில் எண்ணெய் ஆகாது என்ற அச்சத்துக்கு இடமில்லை. நோயின்போதும் குடல் கொழுப்பின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது, உலக சுகாதார நிறுவனமும் வேளைக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் சேர்க்கவே சொல்கிறது. பொரித்த பலகாரத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தயிர் சாதம், இட்லி, மசித்த பருப்புச் சோறு ஆகியவை ஏறத்தாழ சம தகுதி உடையவை, குழந்தை எதை விரும்பி வாங்குகிறதோ அதைக் கொடுக்கலாம். மேலை நாடுகளிலிருந்து வந்து நம் இளம் பெற்றோரிடமும் பரவியிருக்கும் வாழைப்பழம், அரிசி, ஆப்பிள் மசியல், வாட்டிய ரொட்டி என்ற நால்வகைப் பத்தியத்தில் புரதமும் கொழுப்பும் போதாது. அதை மட்டுமே நாள்கணக்கில் கொடுக்க வேண்டாம் என்றே அங்குள்ள குழந்தை மருத்துவர்களும் இப்போது சொல்கிறார்கள். வாழைக்காய்க்குத் தனி இடம் தரலாம். 2001-இல் வெளியான வங்கதேச ஆய்வில், நீடித்த வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்கு அரிசி உணவோடு வேகவைத்த வாழைக்காயைக் கொடுத்தபோது மலத்தின் அளவு குறைந்தது. எந்த உணவானாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறு சிறு அளவில், அவ்வப்போது சமைத்துக் கொடுப்பது நல்லது.

உணவோடு துத்தநாக மாத்திரையும் சேர வேண்டும்: ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை அதில் பாதி, போக்கு நின்ற பிறகும் விடாமல் 14 நாள்கள். கரண்டியில் தாய்ப்பாலோ சுத்தமான நீரோ விட்டால் மாத்திரை தானே கரைந்துவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு இதுவும் இலவசமாகவே கிடைக்கிறது. போக்கை நிறுத்தும் மாத்திரையைப் பெரியவர்களின் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவே கூடாது.

மலத்தில் இரத்தம், குடிக்க முடியாத சோர்வு, விடாத வாந்தி, குழிவிழுந்த கண்கள், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மெதுவாகத் திரும்புவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு ஒப்பீடுகளை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொக்கம் எடுப்பதற்கும் குடலேற்றம் தட்டுவதற்கும் அலைந்து அந்த நேரத்தை இழந்துவிடக் கூடாது. 14 நாள்களைக் கடந்தும் போக்கு நிற்காத குழந்தைக்குப் பாலைக் குறைத்து உணவை மாற்றியமைப்பது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது.

போக்கு நின்ற மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பிவிடுவது போதாது. இழந்த எடையை மீட்க, அடுத்த இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு வேளை உணவைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்: ஓர் அவித்த முட்டை, எண்ணெய் விட்ட சத்துமாவுக் கஞ்சி, மசித்த பருப்பும் கீரையும் எது வசதியோ அது. இரண்டு வாரம் முடிந்ததும் அங்கன்வாடியில் எடை பார்த்து, நோய்க்கு முன் குறித்திருந்த எடையோடு ஒப்பிட்டு, அதை எட்டாவிட்டால் கூடுதல் வேளையைத் தொடர வேண்டும்.