எட்டுக்கால் பூச்சி மருந்து என்று 7,400 ரூபாவைச் சுருட்டியவர்கள்: மலையகத்து ஆட்கள் கவனம்

எட்டுக்கால் பூச்சிக்கு "வீட்டு வைத்திய மருந்து" என்று மூன்று போத்தலாக ஆன்லைனில் விற்கிற ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் போடவில்லை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் இருப்பவர்களுக்குத் தமிழிலேயே விளம்பரம் வருகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். அம்மா சீட்டு எடுத்த காசில் 7,400 ரூபா போய்விட்டது.

எங்களுடையது பழைய லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவு இடைவெளி. மழை பிடித்தால் பூச்சி எல்லாம் காம்பராவுக்குள் வரும், அதைத் தின்ன எட்டுக்கால் பூச்சியும் பின்னாலேயே வரும். இந்தத் தடவை தொட்டில் கயிற்றிலேயே வலை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் விஷ மருந்து அடிக்கப் பயந்துதான் இதைத் தேடினேன்.

போன் எடுத்தது ஒரு பெண் பிள்ளை. எடுத்த எடுப்பிலேயே "எந்தத் தோட்டம்க்கா?" என்றாள். சொன்னதும், "அட, எங்க அம்மாயியும் அங்கிட்டுதான்க்கா, கீழ் டிவிஷன்ல" என்றாள். பிள்ளைக்கு எத்தனை மாசம், சளி இருக்கா என்றெல்லாம் விசாரித்தாள். "விஷம் கிஷம் ஒன்னும் இல்லக்கா. புதினா, எலுமிச்சை, வேப்பெண்ணெய், அவ்வளவுதான். நம்ம ஆளுகளுக்குக் கெட்டதக் குடுப்போமா?" என்றாள். சொந்தக்காரப் பிள்ளை பேசுகிற மாதிரி இருந்தது. சாமான் வந்ததும் காசு தருகிறேன் என்றதற்கு, "தோட்டத்துப் பக்கம் அப்படி அனுப்புறதில்லக்கா, பேங்க்ல போட்டுருங்க" என்றாள். அதுவும் உண்மை மாதிரித்தான் இருந்தது. எந்தப் பார்சல் லயத்து வாசலுக்கு வந்திருக்கிறது?

வந்தது நீலத் தண்ணீர். சொன்னபடி சுவர் மூலையெல்லாம் அடித்தோம். எட்டுக்கால் பூச்சி அசையவில்லை, சுவர்தான் கெட்டது. சுண்ணாம்பு நுரைத்து வழிந்து, காய்ந்த பிறகு கோடு கோடாகப் பெயர்ந்தது. சந்தேகம் வந்து போத்தலைப் பார்த்தால், ஈரத்தில் லேபிள் ஓரம் கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்: செயற்கை வினாகிரி, 750 மில்லிலீற்றர். பழைய விலையைப் பேனாவால் அடித்திருந்தார்கள். டவுன் கடையில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கிற சாமானில் சாயம் கலந்து, மூன்று போத்தலுக்கு 7,400 ரூபா!

போன் பண்ணினால் முதலில் "நல்லாக் குலுக்கி அடிங்கக்கா." அடுத்து "உங்க ஊர்க் குளிருக்கு வேலை செய்ய நாள் எடுக்கும்." அப்புறம் ஓர் ஆண் குரல், அக்கா போய் "மேடம்" வந்துவிட்டது: "பார்சல் திறக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா மேடம்? இல்லாட்டி ஒன்னும் செய்ய ஏலாது." உரித்த லேபிளைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்தார்கள், பதில் இல்லை. அந்த ஆன்லைன் பக்கத்திலேயே எழுதினேன், அதை அழித்துவிட்டு என்னை பிளாக் பண்ணிவிட்டார்கள்.

2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆவதற்கே எத்தனை இழுபறி. அந்தக் கணக்குக்கு 7,400 ரூபா என்றால் ஐந்து நாளுக்கு மேல் அட்டைக் கடியில் நின்று கொழுந்து எடுத்த காசு. அந்தப் பிள்ளையின் அம்மாயி உண்மையிலேயே தோட்டத்து ஆள் என்றால் இது அவளுக்குத் தெரியாதா?

எட்டுக்கால் பூச்சியை விரட்டும் வழியெல்லாம் விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. புதினா எண்ணெய்க்குச் சில வகைச் சிலந்தி விலகும் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது, எலுமிச்சை எண்ணெய்க்கு அவை அசையவில்லை. பூனை இருக்கிற வீட்டில் புதினா எண்ணெயும் வேண்டாம், அதற்கு ஆகாது. சுண்ணாம்புச் சுவரில் வினாகிரி படவே கூடாது. தும்புத்தடியால் வலையை முட்டைப் பையோடு சேர்த்து இழுத்து வெளியே போடுங்கள், இடைவெளியை அடைத்துவிடுங்கள், இரவில் இஸ்தோப்பு லைட்டை அணையுங்கள், பூச்சி வருவது குறையும். பூச்சி மருந்து என்று யார் விற்றாலும் போத்தலில் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்காசு போடாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே திறங்கள்.

நாளைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கப் போகிறேன். இதே ஆட்களிடம் காசு போட்டவர்கள் பேங்க் சீட்டையும் போத்தலையும் வீசாமல் வையுங்கள், எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுக்கலாம்.