மக்கள் நீதிமன்றத்தில் வேலைநீக்க வழக்கு: வேகத்துக்கு முழு மார்க், தொகைக்கு?

ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கிக் கிடக்கும் வேலைநீக்க வழக்கை ஒரே நாளில் முடிக்க, லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தை விட்டால் வேறு இடமில்லை. தேசிய அமர்வு பொதுவாக ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கே போடும் அவார்டு, அதாவது சமரசத்தைப் பதிவு செய்யும் உத்தரவு, சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. மிகக் குறுகிய காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அவ்வளவுதான். பணம் தராத முதலாளிக்கு இது கிடுக்கிப்பிடி. குறைத்து ஒப்புக்கொண்ட தொழிலாளிக்கும் அதே பிடிதான்.

தொகை நியாயமா என்று யார் பார்க்கிறார்கள்? நீதி, நியாயப்படி நடக்க வேண்டும் என்கிறது மக்கள் நீதிமன்றங்களுக்கான 1987 சட்டம். ஆனால் சமரசத்தைப் பதிவு செய்யலாமே தவிர, வழக்கைத் தீர்மானிக்கும் அதிகாரம் அமர்வுக்கு இல்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் ஊதியச் சட்ட வழக்குச் சமரசத்தை நீதிபதி நியாயமா என்று ஆராய வேண்டும் என 1982-இலேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே ஒரு நாளில் குவியும் கோப்புகளுக்கு நடுவே அப்படி உட்கார்ந்து கணக்குப் போட நேரம் ஏது? கணக்கை நாம்தான் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

2025 நவம்பரில் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வருவதற்கு முன்பே, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் நிறுத்தப்பட்டவர் ஒருவர். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.13,000, மொத்தச் சம்பளம் ரூ.16,000, சர்வீஸ் 18 ஆண்டு 7 மாதம். ஆறு மாதம் தாண்டியதால் 19 ஆண்டாகக் கணக்கு. கிராஜுவிட்டி (பணிக்கொடை), மாதத்துக்கு 26 வேலைநாள் என்ற கணக்கில் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்: 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500, 19 ஆண்டுக்கு ரூ.1,42,500. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு அந்த 26 நாள் கணக்கு பொருந்தாது, அரை மாதச் சம்பளம்தான்: 8,000 வீதம் ரூ.1,52,000. முன்னறிவிப்புக்குப் பதிலான ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் ரூ.16,000. ஆக ரூ.3,10,500. 'மூன்று லட்சம் தர்றோம், முடிச்சுக்கலாம்' என்று நிர்வாகம் சொன்னால், வழக்கே போடாமல் கிடைத்திருக்க வேண்டியதைவிட அது ரூ.10,500 குறைவு. வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளம் என்று ஒரு ரூபாய்கூட அதில் இல்லை!

சறுக்குவது பெரும்பாலும் வாசகத்தில்தான். 'ராஜினாமா செய்ததாகக் கருதி' என்று ஒரு வரி வந்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கைவிட்டுப் போகும். பணி முடிந்த தேதியைப் பழைய வேலைநீக்கத் தேதியாகவே போட்டால், வழக்கு நடந்த ஆண்டுகள் சர்வீஸில் சேராது. சமரசத் தேதியைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். 'ஒட்டுமொத்தத் தொகை' என்று மட்டும் எழுதினால் அத்தனையும் சம்பளமாகி வரிப் பிடித்தம் விழக்கூடும்; கிராஜுவிட்டி, இழப்பீடு, பின்சம்பளம் என்று தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும். 'வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரிக்குப் பக்கத்திலேயே 'பி.எஃப். நீங்கலாக' என்று சேர்ப்பது அவசியம்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு கெட்டுவிடும் என்று பயமுறுத்துவது சும்மா. கோப்பு தொழிலாளர் நீதிமன்றத்துக்கே திரும்பும். விட்ட கட்டத்திலிருந்து விசாரணை தொடரும்.

முடிந்தால் அன்றே டிடியாக வாங்குவது நல்லது. பின்தேதியிட்ட காசோலை என்றால், தவறினால் எத்தனை சதவீத வட்டி, எந்தத் தேதியிலிருந்து என்பது அவார்டிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் செக் திரும்பினால், அவார்டை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட்டு அசலுக்கே அலைய வேண்டியதுதான்.