ஆய்ஸ்டர் கார்டு: 14 வருடப் புழக்கமும் அந்த மூன்று மாதமும்

திருச்சியிலிருந்து நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "பொண்ணு ஜனவரியில மாஸ்டர்ஸ் படிக்க லண்டன் வர்றா. டியூப், பஸ்ஸுக்கு அந்த நீல கார்டு வாங்கணுமாடா, இல்ல போனையே தட்டிட்டுப் போயிடலாமா?" ஒரு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை.

அவன் சொன்ன நீல கார்டுதான் ஆய்ஸ்டர்: முன்கூட்டியே காசு ஏற்றி வைத்து, டியூப் என்கிற சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிப் போகும் பயண அட்டை. என் அட்டை 2011ல் ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் வாங்கியது. மூலை மழுங்கிவிட்டது, நீலம் வெளுத்துவிட்டது. ஒருமுறை பேன்ட் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குள் போய் வந்தது. ஸ்டேஷன் வாசல் இயந்திரத்தின் மஞ்சள் வட்டத்தில் வைத்தால் இன்றைக்கும் கதவு திறக்கிறது. இதற்குள் நான் ஐந்து போன் மாற்றிவிட்டேன்.

இது பழைய சரக்கு என்பதுதான் இதன் அழகு. ஆய்ஸ்டர் 2003ல் வந்தது. எவ்வளவு காசு மிச்சம் என்பது அட்டையின் சில்லிலேயே எழுதப்பட்டிருக்கும். வாசலில் இருக்கும் இயந்திரம் அதைப் படித்து, கழித்து, திரும்ப எழுதிவிடும். பேங்க் கார்டோ போனோ தட்டினால் கதை வேறு. அங்கே இயந்திரம் "இந்த கார்டு இங்கே தொட்டது" என்று குறித்துக்கொள்வதோடு சரி. நாள் முழுக்கத் தொட்டதையெல்லாம் சேர்த்து, கட்டணத்தைப் பின்னால் எங்கோ ஒரு கணினி கணக்குப் போடும். சாதாரண நாளில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. நானே 2024 செப்டம்பரில்தான் யோசித்தேன்.

அதற்கு முன் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2019ல் டிஎல்ஆர் என்கிற கிழக்கு லண்டன் இலகு ரயிலில் போய் இறங்கி, பேச்சு சுவாரஸ்யத்தில் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். டிஎல்ஆரில் பெரும்பாலான நிறுத்தங்களில் கதவே கிடையாது, கம்பத்தில் ஒரு இயந்திரம் நிற்கும், அவ்வளவுதான். எங்கே இறங்கினேன் என்று தெரியாததால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிட்டார்கள். தப்பு என்னுடையது. ஆனாலும் இணையத்தில் போய் "இங்கேதான் இறங்கினேன்" என்று சொன்னேன், சில நாளில் காசு திரும்பி வந்தது. யாரையும் கெஞ்சவில்லை, வரிசையில் நிற்கவில்லை. அன்றைக்கு நாலு பேரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

சரி, செப்டம்பருக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் 1 அன்று லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் தன் கணினிகளில் யாரோ நுழைந்திருப்பதைக் கவனித்தது. மறுநாள் அறிவித்தது. ரயில் ஓடியது, பஸ் ஓடியது, கதவுகள் திறந்தன. என்னைப் போன்றவனுக்கு ஒரு பென்னி நஷ்டமில்லை. முதல் வாரம் "இதற்குப் போய் இவ்வளவு கூச்சலா" என்றுகூட நினைத்தேன்.

அப்புறம்தான் எது நின்றிருக்கிறது என்று பட்டியல் பார்த்தேன். போனில் தட்டிப் போனவர்களால் தங்கள் பயணக் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் என்னை மாதிரி தொட மறந்திருந்தால், பிடித்த காசு உடனே திரும்பாது. (ஆய்ஸ்டர்காரர்கள் மட்டும் இணையத்தில் தாங்களே சரிசெய்துகொள்ள முடிந்தது. கிழட்டு அட்டை ஜெயித்த இடம் இது.) புதிய சலுகை அட்டைகளுக்கான விண்ணப்பங்களும் நின்றன: பள்ளிப் பிள்ளைகளின் ஜிப் கார்டு, கல்லூரி மாணவர்களின் 18+ அட்டை, பெரியவர்களின் 60+ அட்டை. நடமாட முடியாதவர்களை வீட்டு வாசலில் வந்து ஏற்றிப்போகும் டயல் எ ரைடு வண்டியின் முன்பதிவும் தடைபட்டது.

கவனித்தீர்களா? காசு வாங்கும் ஜன்னல் ஒரு நாள்கூட மூடவில்லை. காசு திருப்பித் தரும் ஜன்னலும் சலுகை தரும் ஜன்னலும்தான் மூடின. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, எனக்குத் தெரியும். எந்தக் கணினி எதோடு கோத்திருந்ததோ அது விழுந்தது. ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொன்ன யோசனைதான் இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போதைக்கு முழுக் கட்டணம் கொடுத்துப் போங்கள், பயணங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பக் கேட்கலாம். அப்போது பஸ் கட்டணம் 1.75 பவுண்டு. காலையும் மாலையும் ஐந்து நாள் என்றால் வாரம் 17.50. கையிலிருந்து முன்பணம் போட முடியாதவர்களுக்காகத்தானே சலுகை அட்டை என்று ஒன்றையே வைத்தார்கள்? அவர்களிடமே போய் "நீ முதலில் போடு, நான் அப்புறம் தருகிறேன்" என்றால்? எங்கள் ஊர் மளிகைக்கடையில்கூட கடன் நோட்டைக் கடைக்காரர்தான் வைத்திருப்பார்.

இவற்றில் சில திரும்பத் திறக்க மூன்று மாதம் ஆனது. ஏன் இந்தத் தாமதம் என்பதற்கும் காரணம் உண்டு. சுமார் 30,000 ஊழியர்களும் நேரில் வந்து, தான் தான்தான் என்று நிரூபித்து, கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே வந்தவன் எதையெல்லாம் தொட்டான் என்று தெரியாமல் ஒவ்வொரு கணினியாகச் சோதித்துத்தான் திரும்ப இணைக்க முடியும். அவசரப்பட்டுத் திறந்து மறுபடி விழுந்திருந்தால் அதற்கும் நாம்தான் திட்டியிருப்போம். முதலில் வாடிக்கையாளர் தகவல் போனதற்கு ஆதாரமில்லை என்றார்கள். செப்டம்பர் 12 அன்று, வாடிக்கையாளர்கள் சிலரின் பெயர், முகவரியோடு, ஆய்ஸ்டர் பணத்தைத் திரும்பக் கேட்டிருந்த சுமார் 5,000 பேரின் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ளே நுழைந்தவன் கைக்குப் போயிருக்கலாம் என்றார்கள். திரும்பவும் அதே ஜன்னல்! இது தொடர்பாக இங்கிலாந்தின் வால்சால் ஊரில் 17 வயதுப் பையன் ஒருவன் கைதான செய்தியும் அன்றுதான் வந்தது. ஓராண்டு கழித்து 2025 செப்டம்பரில் 18, 19 வயது இளைஞர்கள் இருவர் மீது குற்றம் சாட்டினார்கள். நஷ்டம் 3.9 கோடி பவுண்டு என்று கணக்கு.

இதெல்லாம் புரிகிறது. ஆனால் மூன்று மாதம் என்பது இங்கே பள்ளியில் ஒரு முழுப் பருவம். செப்டம்பரில் சேர்ந்த பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையே வந்துவிடும். வெளியூர் ஸ்டேஷன்கள் 47ல் பேங்க் கார்டு தட்டும் வசதி அந்தச் செப்டம்பரில் வரவேண்டியது, 2025 பிப்ரவரிக்குப் போனது. அதைப் பற்றி எனக்குக் கோபமில்லை. புது வசதி தள்ளிப்போகலாம். பழைய உரிமை தள்ளிப்போவது வேறு.

நண்பனுக்குப் பதில்: நீல அட்டையே வாங்கச் சொல். 16-25 ரெயில்கார்டு என்ற இளைஞர் ரயில் சலுகை அட்டையும் எடுத்து, டியூப் ஸ்டேஷன் ஊழியரிடம் கொடுத்தால் இரண்டையும் அங்கேயே இணைத்துத் தருவார். நெரிசல் இல்லாத நேரத்தில் டியூப், ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். போனில் தட்டினால் இந்தச் சலுகை கிடையாது. 18+ மாணவர் அட்டையில் 30 சதவீதம் தள்ளுபடி, ஆனால் அது வாரம், மாதம் என்று பாஸ் எடுப்பவர்களுக்கு. வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்குப் போகிறவளுக்குக் கட்டுப்படியாகாது. ஐந்து நாளும் போவாள் என்றால், பல்கலைக்கழகச் சேர்க்கை எண் கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிடட்டும்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்று கேட்பாய். எனக்கு எந்தக் கஷ்டமும் தராத அட்டைதான். அடுத்த வாரம் கேட்டால் நாலுகூடப் போடலாம். இன்றைக்கு இரண்டு.

ஒன்று மறந்துவிட்டேன். டிஎல்ஆரில் இறங்கும்போது கம்பத்தைத் தேடித் தொடச் சொல் பெண்ணிடம். பேசிக்கொண்டே வந்துவிடப் போகிறாள்.