பார்க்காமல் செய்ய முடிகிறதா? தொடக்கநிலையினருக்கான மென்மையான நீட்டல் பயிற்சிக் காணொளிகள்: ஓர் ஒப்பீடு

முந்திரி ஆலையை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தக்கலைக்கு அருகே அப்படியோர் ஆலையில் 22 ஆண்டுகள் தரையில் அமர்ந்து பருப்பின் தோலுரித்த என் மைனிக்கு (அண்ணிக்கு) இடுப்பும் தோள்களும் இறுகிப்போனபோது, மருந்தோடு சேர்த்து மெதுவான ஸ்ட்ரெச்சிங் பயிற்சிகளையும் தினமும் செய்யும்படி மருத்துவர் சொல்லி அனுப்பினார். எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் நாங்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. கைபேசியில் முதலில் வந்த ஆங்கிலக் காணொளியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு மைனியைப் பாயில் படுக்கச் சொன்னேன். திரையில் இருந்த பெண் முழங்காலை மார்போடு அணைத்தார். மைனி அதைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். அந்தப் பெண் காலை மறுபக்கம் சாய்த்தார்; மைனி மீண்டும் தலையைத் தூக்கிக் கழுத்தைத் திருப்பினார். ஐந்தாம் நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, "அவ செய்யதப் பாக்கவா, நான் செய்யவா?" என்று கேட்டார்.

அதன் பிறகு இரண்டு மாதங்கள் அவருடன் சேர்ந்து பல வகைக் காணொளிகளைச் செய்து பார்த்ததில், தொடக்கநிலையினர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நீட்டல் பயிற்சியில் தலை எங்கே இருக்கிறது என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. குப்புறப் படுத்தோ முன்னால் குனிந்தோ இருக்கும் ஒருவர் திரையைப் பார்ப்பதற்காகக் கழுத்தை நிமிர்த்தினால், தளர வேண்டிய கழுத்துத் தசைகள் இன்னும் இறுகுகின்றன; மூச்சும் தன்னையறியாமல் நின்றுபோகிறது. ஆகவே ஒரு முறை முழுவதும் பார்த்துவிட்டால், மறுமுறை காதால் மட்டும் கேட்டுச் செய்யக்கூடிய காணொளியே நல்ல காணொளி என்ற அளவுகோலைக் கொண்டு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இதற்கு முன் உடலின் தேவையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நிலையில் 10 முதல் 30 நொடிகள் வரை அசையாமல் நிற்பதும், அதைத் திரும்பச் செய்து ஒவ்வொரு பகுதிக்கும் மொத்தம் 60 நொடிகளேனும் கொடுப்பதும், வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் செய்வதும் பெரியவர்களுக்குப் போதும் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல்; வயது முதிர்ந்தவர்கள் 30 முதல் 60 நொடிகள் வரை நிற்பது கூடுதல் பயன் தரும் என்றும் அது சொல்கிறது. வெடுக்கென்று இழுத்தாலோ துள்ளித் துள்ளி நீட்டினாலோ, தசைக்குள் இருந்து நீட்சியை உணர்கிற நுண்ணுறுப்புகள் உடனே தசையைச் சுருங்கச் செய்கின்றன. நாம் விரும்பியதற்கு நேர் எதிரானது அது. எனவே "இன்னும், இன்னும்" என்று விரட்டுகிற குரல் எந்த மொழியில் இருந்தாலும், அந்தக் காணொளியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

முதலில், பலரும் பரிந்துரைக்கிற ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகா நெறிமுறை. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று நடைபெறும் பன்னாட்டு யோகா நாளுக்காக வகுக்கப்பட்ட இந்த 45 நிமிட வரிசையில், கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றுக்கான தளர்த்தும் பயிற்சிகள் முதலில் வருகின்றன. பிறகு நின்று செய்பவை, அமர்ந்து செய்பவை, குப்புறப் படுத்துச் செய்பவை, மல்லாந்து செய்பவை என்று ஆசனங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த அடுக்குமுறையை நான் பெரிதும் மதிக்கிறேன். தரையிலிருந்து எழுவதே ஒரு வேலையாக இருப்பவருக்கு, ஒரே ஒரு முறை கீழே இறங்கி, முடியும் வரை கீழேயே இருக்க முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது முழங்கால் வலி உள்ளவருக்குத்தான் தெரியும். ஒவ்வோர் ஆசனத்தையும் யார் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதன் கையேட்டில் இருக்கிறது.

ஆனால் முழு 45 நிமிடங்களும் மென்மையானவை என்று எண்ணிவிடக் கூடாது. வஜ்ராசனத்தில் முழங்கால்களை மடக்கி அமர்வதும், உஷ்ட்ராசனத்தில் மண்டியிட்டுப் பின்னால் வளைவதும் ஐம்பது வயதில் புதிதாகத் தொடங்குபவருக்கு எளியவை அல்ல. மைனியைப் பொறுத்தவரை, தளர்த்தும் பயிற்சிகளும், நின்றபடி கைகளை மேலே நீட்டும் தாடாசனமும், கடைசியில் வரும் மல்லாந்த நிலைப் பயிற்சிகள் சிலவும் மட்டுமே பொருந்தின. இந்த நெறிமுறை ஒரு பிரார்த்தனையுடன் தொடங்குகிறது. தேவாலயத்துக்குச் செல்லும் மைனிக்கு அதில் தயக்கம் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் இந்தத் தயக்கம் பல வீடுகளில் உண்டு என்பதாலேயே சொல்கிறேன்: தளர்த்தும் பயிற்சி தொடங்கும் நிமிடத்திலிருந்து காணொளியை ஓடவிட்டால் பயிற்சியின் பயன் எதுவும் குறைவதில்லை.

அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி. கைப்பயிற்சி, கால் பயிற்சி, நரம்பு-தசைநார் மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி எனும் விரைவு மூச்சுப் பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று ஒன்பது பகுதிகள் கொண்ட இந்த முறை, தமிழிலேயே பிறந்தது. காதால் கேட்டுச் செய்யும் அளவுகோலில் இது மற்ற அனைத்தையும் முந்துகிறது. எண்ணிக்கை தமிழில் வருகிறது, அசைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன, எந்தக் கை முன்னால், எந்தக் கால் பின்னால் என்பது சொல்லிலேயே தெளிவாக இருக்கிறது. கால் பயிற்சியின்போது உள்ளங்காலையும் கணுக்காலையும் கையால் பிடித்து இயக்குவது, பல ஆண்டுகள் சம்மணமிட்டு வேலை செய்தவருக்கு மற்ற எந்தக் காணொளியும் தராத ஒன்றைத் தந்தது. மைனி அந்தப் பகுதியைச் செய்யும்போது முகத்தில் தெரிந்த இளக்கத்தை நான் பார்த்தேன்.

இதன் குறைபாடு வேறு இடத்தில் இருக்கிறது. அசைவுகள் பெரும்பாலும் எண்ணிக்கைக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு நிலையில் அரை நிமிடம் நின்று தசையை நீட்டும் வாய்ப்பு குறைவு. மூட்டுகளைத் தளர்த்த இது மிக நன்று. தொடையின் பின்பக்கத் தசைபோல் நீண்ட நாள் குறுகிய ஒன்றை நீட்ட இது மட்டும் போதாது. கபாலபதியை உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடலிறக்கம் உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும் காணொளியைப் பார்த்துத் தாமாகத் தொடங்கக் கூடாது. இதைக் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றங்களில் ஆசிரியரிடம் நேரில் கற்பதே இந்த முறையின் வழக்கம். அருகில் மன்றம் இருப்பவர்கள் அங்கே ஒரு முறை கற்றுக்கொண்டு, காணொளியை நினைவூட்டலாக வைத்துக்கொள்வதே சிறந்தது.

ஆங்கிலம் பழகியவர்கள் அட்ரியீன் மிஷ்லரின் யோகா வித் அட்ரியீன் காணொளிகளை விரும்புவார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த அவர், தொடக்கநிலையினருக்கென்றே 20 நிமிடக் காணொளி ஒன்றைத் தந்திருக்கிறார். ஆயுஷ் நெறிமுறையோடு ஒப்பிடும்போது இவருடைய வலிமை பேச்சில் இருக்கிறது. முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம் என்று அவர் இடையிடையே அனுமதி கொடுத்துக்கொண்டே போகிறார். நெறிமுறைக் காணொளிகளில் இந்தத் தோழமையான குரல் குறைவு. கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்கிறாள். மைனிக்கோ அந்தப் பேச்சு முழுவதும் வெறும் ஓசையாக இருந்தது. ஆகவே அவர் பார்த்தே செய்ய வேண்டியிருந்தது, கழுத்து வலித்தது. ஒரே காணொளி ஒருவருக்கு மருந்தாகவும் இன்னொருவருக்குச் சுமையாகவும் ஆவது மொழியினால்தான். இந்த வகைக் காணொளிகள் பலவற்றில் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி நிற்கும் நிலை அடிக்கடி வருவதால், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் முழுவதும் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

மொழியைப் பற்றிப் பேசும்போது, எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு வசதியையும் குறிப்பிட வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் கேட்டால் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழில் தமக்கேற்ற காணொளி கிடைக்காதபோது ஆங்கிலத்துக்குத் தாவுவதைவிட, பிசியோதெரபி படித்தவர்கள் மலையாளத்தில் நிதானமாக விளக்கும் காணொளியைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கும்.

நான் எதிர்பாராமல் கண்டடைந்தது ஜப்பானியர்களின் ரேடியோ டைசோ. 1928-இல் அந்நாட்டு வானொலியில் தொடங்கிய இந்தப் பயிற்சியின் இன்றைய முதல் வரிசை 1951 முதல் வழக்கில் இருக்கிறது. பியானோ இசைக்கு ஏற்ப 13 அசைவுகள். மொத்தம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாத மைனி ஒரு வாரத்தில் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இசை மாறும் இடத்தில் அசைவு மாறுகிறது. காது அதைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் நின்றே செய்வதால் பாயும் வேண்டாம், சேலையை மாற்றவும் வேண்டாம். இடையில் சிறு துள்ளல்கள் வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த நேரத்தில் நின்ற இடத்திலேயே குதிகாலை மட்டும் உயர்த்தித் தாழ்த்தலாம். நாற்காலியில் அமர்ந்தபடி ஒருவர் செய்து காட்டும் காணொளிகளும் ஜப்பானியத் தொலைக்காட்சியிலிருந்து கிடைக்கின்றன. ஆனால் எளியமுறை உடற்பயிற்சியைப் போலவே இதிலும் ஒரே நிலையில் அசையாமல் இருந்து நீட்டுவது இல்லை. காலையில் உடலை எழுப்ப இது, மாலையில் தசையை நீட்ட வேறொன்று என்று பிரித்துக்கொள்வதே முறை.

அந்த வேறொன்றுக்குப் பிசியோதெரபி நிபுணர்களின் குறுங்காணொளிகள் பொருந்துகின்றன. கழுத்துக்கு மட்டும், தோளுக்கு மட்டும், இடுப்புக்கு மட்டும் என்று ஐந்து முதல் பத்து நிமிடங்களில் முடிகிற இவை, நொடிகளை வாய்விட்டு எண்ணுகின்றன. எங்கே இழுப்பு தெரிய வேண்டும், எங்கே தெரியக் கூடாது என்றும் சொல்கின்றன. நீட்டலுக்கு இவையே மிகவும் பயனுள்ளவை என்பது என் கருத்து. மிகவும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியவையும் இவையே. இடுப்பு வலி என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் நேர் எதிரான காரணங்கள் இருக்கின்றன: முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கியவர்களில் பலருக்கு முன்னால் குனிவது வலியைக் கூட்டும், தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்கோ பின்னால் வளைவதே வலியைக் கூட்டும். "இடுப்பு வலி போக மூன்று நிமிடம்" என்ற தலைப்புக்கு உங்கள் இடுப்பைத் தெரியாது. எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழக் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். இழுப்பு தெரிந்தால் தொடரலாம். காலில் மின்சாரம் ஓடுவதுபோல் வலியோ, மரத்துப்போதலோ தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வர்மப் புள்ளிகளை அழுத்திக் காட்டும் காணொளிகளையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஆசான்களின் மரபு வாழும் இந்த மண்ணில் பிறந்தவள் என்ற மரியாதையோடே சொல்கிறேன், அவை ஆசானின் கையில் இருக்க வேண்டியவை. திரையைப் பார்த்து நாம் நம்மீது முயன்று பார்க்கக் கூடாதவை.

தேர்ந்தெடுத்த பிறகு வருகிற சிறு இடைஞ்சல்கள் பலரைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. கண்களை மூடிப் படுத்திருக்கும்போது உரத்த விளம்பரம் புகுந்தால் தளர்ந்த உடல் திடுக்கிடும். முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வது இதற்கும், பேச்சிப்பாறைப் பக்கம்போல் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களுக்கும் உதவும். காணொளியின் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால் விரைவாகச் செய்பவரும் நிதானமானவராகிவிடுவார். இரண்டு பருவமழையும் பெறும் எங்கள் மாவட்டத்தில் டைல்ஸ் தரை ஈரம் கோத்து வழுக்கும் நாட்கள் அதிகம். அங்கே கோரைப்பாயைவிட மடித்த ஜமுக்காளம் பாதுகாப்பானது. நாற்காலி பிளாஸ்டிக் என்றால் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும்.

இனி யாருக்கு எது என்பதைப் பற்றிய என் முடிவுகள். தரையில் இறங்கி எழ முடியாதவர்கள் ரேடியோ டைசோவின் நாற்காலி வடிவத்தில் தொடங்கட்டும். தமிழில் மட்டும் வசதியாக இருக்கும் நடுவயதினருக்கு எளியமுறை உடற்பயிற்சியின் கை, கால் பகுதிகளும், அவற்றோடு வாரம் மூன்று நாள் பிசியோதெரபி குறுங்காணொளி ஒன்றும் போதும். ஆங்கிலத்தைக் காதால் கேட்டுத் தொடர முடிகிற, முழங்கால் வலி இல்லாத இளையவர்களுக்கு அட்ரியீன். ஆயுஷ் நெறிமுறையை முழுமையாகச் செய்வதை மூன்றாம், நான்காம் மாதத்துக்கு ஒத்திவைப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலையும் கணக்கில் வர வேண்டும். குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்லும் என் சித்தப்பா மகன், விடியற்காலையிலிருந்து குனிந்தும் ஒரு பக்கமாகத் திரும்பியும் நூற்றுக்கணக்கான மரங்களில் கத்தி வைக்கிறான். அவனுக்கு முன்னால் குனியும் நீட்டல்களை மேலும் கொடுப்பதில் பொருளில்லை; மார்பை விரிப்பதும், முதுகைப் பின்னோக்கி மெல்ல வளைப்பதும், வழக்கமாகத் திரும்பாத பக்கம் திரும்புவதுமே தேவை. பாலெடுத்து முடித்து வரும்போது உடல் சூடாக இருப்பதால் அதுவே அவனுக்கு உகந்த நேரம். மைனியோ மாலை ஐந்து மணிக்கு, கைபேசியைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே ஜமுக்காளத்தில் படுத்தபடி குரலை மட்டும் கேட்டுக் காலை மடக்குகிறார்.